கிழக்கு பார்த்த நகர மன்றம்

தருமபுரி,
ஞாயிற்றுக்கிழமை காலை.

பெருமதிப்பிற்குரிய சென்றாயன் மாமா அவர்களுக்கு,

பதினெட்டு வருடம் நான் வாயைத் திறக்காமல் இருந்தது போதும். இனியும் பேசாமல் இருந்தால் தப்பு என் பக்கம்தான் என்று நம் சொந்தபந்தம் முடிவு கட்டிவிடும். ஏற்கெனவே கட்டிவிட்டதாகக் கேள்வி. ஆகவே எழுதுகிறேன். முறைக்குச் செய்ய வேண்டியதை முதலில் செய்துவிடுகிறேன்: அரூரில் தாங்களும் என் அக்கா தீர்த்தம்மாளும் ஆரோக்கியமாக இருக்க வேண்டும் என்று தினமும் நினைத்துக்கொள்கிறேன். அக்காவுக்கு இன்னும் சளி விடவில்லை என்று சுகுணா சொன்னாள். என்னிடம் சொல்லவில்லை, போனில் யாரிடமோ சொன்னது காதில் விழுந்தது. கட்டிய மனைவி என்னோடு பேசி மூன்று வாரம் ஆகிறது. சாப்பாட்டுத் தட்டை மேசைமேல் வைக்கிற சத்தத்தை வைத்துத்தான் வேளை அறிகிறேன். இங்கு நான் சௌக்கியம் என்று எழுதக் கை வரவில்லை, அந்த வரியை விட்டுவிடுகிறேன்.

பழையதிலிருந்து தொடங்க வேண்டும். தாங்கள் மறந்திருப்பீர்கள், ஜெயித்தவர்களுக்கு மறக்கிற வசதி உண்டு. தாங்கள் மேஸ்திரியாக இருந்து கான்ட்ராக்டர் ஆகி, அரூரில் சொந்தமாக வீடு கட்டத் தொடங்கிய வருடம், நானாகவே முன்வந்து வரைபடம் போட்டுத் தந்தேன். அரசாங்கக் கட்டடங்களுக்கு வரைபடம் போடுவது என் உத்தியோகம். சொந்த அக்கா வீட்டுக்குப் போடாமல் யாருக்குப் போடுவேன்? மூன்று மாதம் ஞாயிற்றுக்கிழமைகளைத் தின்றது அது. வெள்ளைக்காரன் காலத்துக் கலெக்டர் கச்சேரிகள் போல முகப்பில் ஐந்து வளைவு, உருண்டைத் தூண்கள், சிவப்பு ஓட்டுக் கூரை, நடுவில் உயர்ந்த வாசல். விரித்துக் காட்டினேன். தாங்கள் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தீர்கள். பார்த்துவிட்டு, "மாப்ள, இதக் கட்டினா காலைல கதவத் தொறக்கறப்ப பத்து பேரு மனுவோட நிப்பான்யா. எனக்கு வூடு வேணும், கச்சேரி வேணாம்" என்று சொன்னீர்கள். சித்தாள்கள் வரைக்கும் சிரித்தார்கள். தங்களுக்குக் கதவு, நிலை செய்து தரும் நிசார் அகமது பாய், இத்தனைக்கும் அவர் எனக்குப் பக்கத்து வீட்டுக்காரர், உளியைக் கீழே வைத்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அதையும் பொறுத்தேன். தாங்கள் தீப்பெட்டியை நிமிர்த்தி வைத்த மாதிரி ஒரு வீட்டைக் கட்டினீர்கள். அதையும் பொறுத்தேன். நம் சொந்தத்தில் யாருக்கு விசேஷம் என்றாலும் பத்திரிகைக்கு முகவரி எழுத இந்த மாதவராஜ், வாடகைப் பாத்திரப் பட்டியல் எழுத மாதவராஜ், "எழுத்து மணி மணியா இருக்கும், நீயே எழுதுப்பா". ஆனால் வீட்டுக்கு வரைபடம் என்றால் மட்டும் மாதவராஜ் கோமாளி. அதையும்கூடப் பொறுத்தேன்.

பொறுக்க முடியாதது கிரகப்பிரவேசத்தன்று நடந்தது. முதல் பந்தியில் இலையில் உட்கார்ந்து, சாம்பார் ஊற்றிப் பிசைந்து, முதல் கவளத்தை எடுக்கிறேன். எதிரே சமையல் பந்தலில் மூங்கிலில் ஆணியடித்து ஒரு பெரிய தாள் மாட்டியிருக்கிறது. அதில் மளிகைச் சாமான் பட்டியல், மேலே மஞ்சள் கறை. காற்றில் தாள் ஒரு தரம் புரண்டது. மறுபக்கம் என் ஐந்து வளைவு! மூன்று மாத உழைப்பின் முதுகில் துவரம்பருப்பு! இலையில் இருந்து பாதியில் எழுந்தேன். எழுவது எவ்வளவு பெரிய அவமரியாதை என்று தெரிந்துதான் எழுந்தேன். தாளைப் பிடுங்கிச் சுருட்டிக்கொண்டு நடந்தேன். அக்கா பரிமாறிய கையைக் கழுவாமல் பின்னாலேயே ஓடிவந்தாள். தாங்கள் பந்தலில் நின்ற இடத்திலிருந்து, "யோவ் மாப்ள, அந்தப் பட்டியல ஒருக்காப் படிச்சுப் பாத்துட்டுப் போய்யா!" என்று கத்தினீர்கள். மொத்தப் பந்தியும் சிரித்தது. அடித்துவிட்டு, அழாதே என்று சொல்வது போல இருந்தது அது. அன்று மூடிய வாய். தாளை அட்டைக் குழாயில் போட்டுப் பரண்மேல் ஏற்றினேன். இன்றுவரை இறக்கவில்லை, பார்த்தால் வயிறு எரியும்.

இனி இந்த வருடத்துக்கு வருகிறேன். சித்திரை முடிகிற சமயம், ஜெர்மனியில் வேலை பார்க்கும் தங்கள் மகள் அன்புச்செல்வியிடமிருந்து என் முகவரிக்கு ஒரு பெட்டி வந்தது. கூடவே போனும் வந்தது. "மாமா, அப்பாவுக்கு அறுபதாங் கல்யாணம் தீர்த்தமலைல வெக்கறோம் இல்லீங்களா, அதுக்கு என்னோட கிஃப்ட்டு. பில்டிங் செட்டு. மொத்தம் மூவாயிரம் பீசு. நீங்கதான் கட்டி எடுத்தாரணும். அம்மாவுக்குப் பொறந்த வூட்டுச் சேலையும் நீங்கதான் கொண்டாரணும். ரெண்டுக்கும் சேத்து ஒரே டிக்கெட்டு மாமா, வந்துருங்க." தாய்மாமனை எப்படி மடக்குவது என்று அந்தப் பெண்ணுக்குத் தெரிந்திருக்கிறது. பெட்டியின் மேல் படத்தைப் பார்த்தேன். வெள்ளைக்காரர் பாணியில் ஒரு நகர மன்றம். முகப்பில் ஐந்து வளைவு. உருண்டைத் தூண்கள். சிவப்பு ஓடு. வாசலுக்கு மேலே மணிக்கூண்டு ஒன்று மட்டும் அதிகம். "அம்மா சொல்லியிருக்கறா மாமா, நீங்க போட்ட ப்ளானு இப்பிடித்தான் இருந்துச்சுன்னு" என்றாள். அந்தக் கணமே முடிவு செய்தேன். மேடையில் சிம்மாசனம் போட்டுத் தாங்கள் உட்கார்ந்திருப்பீர்கள். ஊரே பார்த்துக்கொண்டிருக்கும். கட்டடத்தை எதிரில் வைத்து, "பாருங்க மாமா, வளைவு வெச்சா இப்படித்தான் இருக்கும்" என்று ஒரே ஒரு வாக்கியம் சொல்வேன். அந்த வாக்கியத்தைக் குளிக்கும்போதெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டேன்.

பெட்டியில் ஒரு தடித்த புத்தகம் இருந்தது. எழுத்தே இல்லை, பக்கத்துக்குப் பக்கம் படம், எந்தக் கட்டையை எதன்மேல் வைப்பது என்று. முப்பது வருடம் வரைபடம் போட்டவனுக்குப் பொம்மைப் புத்தகமா என்று மூடி வைத்துவிட்டு, அளவெடுத்து நானே ஒரு வரைபடம் போட்டேன். சுகுணா நல்ல நாள் பார்த்தாள். பொம்மையானாலும் கட்டடம் கட்டடம்தானே, அதுவும் அறுபது வயதுக்காரருக்குப் போகிறது என்று, வாசல் நிலை வைக்கிற அன்று முறைப்படி மஞ்சள் குங்குமம் இட்டு, மாவிலை கட்டி, நிலைக்கு அடியில் நவதானியம் போட்டு, ஒரு கரண்டி பாலும் தெளித்தாள். நான் தடுக்கவில்லை. மூன்றாம் நாள் காலை பார்த்தால் நிலை ஒரு பக்கமாகத் தூக்கிக்கொண்டு நிற்கிறது. என் கணக்கில் எங்கே பிழை என்று அரை நாள் தாளும் அளவுகோலுமாகத் தேடினேன். கடைசியில் குனிந்து உற்றுப் பார்த்தேன். பச்சைப்பயறு முளை விட்டிருந்தது. மாமா, தங்கள் முப்பத்தைந்து வருட அனுபவத்தில் பயறு தூக்கிய நிலையைப் பார்த்திருக்கிறீர்களா?

அதைச் சரிசெய்து, ஐந்து வளைவும் எழுப்பி, கூரைக்கு வந்தபோதுதான் சுகுணா குண்டைப் போட்டாள். இடுப்பில் கையை வைத்துக்கொண்டு தூரத்தில் நின்று பார்த்தவள், "ஏங்க, வாசலு தெக்கால பாக்குதே" என்றாள். "அதுக்கென்ன" என்றேன். "அதுக்கென்னவா? உங்க மாமா தெக்கு வாசல் வூட்டுக்குக் கடக்காலே தோண்டமாட்டாருன்னு இந்த ஜில்லாவுக்கே தெரியும். அறுபது வயசாவற மனுசனுக்கு எமன் தெசையப் பாத்த வாசலக் கொண்டு போயி நீட்டுவீங்களா? வேணும்னே செஞ்சான்னு பேசமாட்டாங்க?" திசை என் தொழில். எந்தத் தாளை எடுத்தாலும் மூலையில் வடக்கு அம்புக்குறி போட்டுவிட்டுத்தான் மேற்கொண்டு எழுதுவேன், அலுவலகத்தில் விடுமுறை விண்ணப்பத்தில்கூடப் போட்டுக் கேலி வாங்கியிருக்கிறேன். அப்பேர்ப்பட்டவன் எப்படிக் கவனிக்காமல் விட்டேன்? அன்றே முகப்பு முழுவதையும் பிரித்தேன். கிழக்குப் பக்கச் சுவரை இடித்து, வாசலையும் வளைவுகளையும் அந்தப் பக்கம் மாற்றினேன். மூன்று வாரம் பிடித்தது. கிழக்குப் பக்கம் நீளம் குறைவு என்பதால் ஐந்து வளைவு அடங்காமல் மூன்றரைதான் வந்தது. அரை வளைவுக்கு முன்னால் பெட்டியில் இருந்த பிளாஸ்டிக் மரத்தை நட்டு மறைத்தேன். மணிக்கூண்டுக்கு அடியில் தாங்கச் சுவர் இல்லாமல் அது எங்கள் தெருக்கோடிப் பெட்டிக்கடையை எட்டிப் பார்ப்பது போலச் சாய்ந்தது. வாசல் படிக்கட்டு மேசையைத் தாண்டிப்போய், கடைசி இரண்டு படி அந்தரத்தில் நின்றது. ஆனாலும் வாசல் கிழக்கு. சுத்தமான கிழக்கு.

விசேஷத்துக்கு நான்கு நாள் இருக்கும்போது நிசார் பாய் வந்தார். தங்கள் பத்திரிகை அவருக்கும் வந்திருந்தது, எப்போது கிளம்பலாம் என்று கேட்க வந்தவர். டீயைக் கையில் வைத்துக்கொண்டு கட்டடத்தைச் சுற்றிச் சுற்றி வந்தார். மரத்தை விலக்கி அரை வளைவைப் பார்த்தார். "இதென்ன சார், பாதில நிக்குது?" என்றார். நான் வாஸ்து, தெற்கு வாசல், தங்கள் கொள்கை எல்லாவற்றையும் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார். டீயைக் கடைசிச் சொட்டு வரை குடித்தார். டம்ளரை ஜன்னலில் வைத்தார். பிறகு மேசையின் இரண்டு மூலையைப் பிடித்து, சர்ரென்று கால் வட்டம் திருப்பினார்.

"ஏங் சார், அப்பவே இப்பிடித் திருப்பிருந்தா ஆயிருக்குமில்லீங்களா?"

மாமா, அது கையால் தூக்குகிற கட்டடம். தங்கள் வீட்டில் கொண்டுபோய் எந்தத் திசையைப் பார்த்து வைத்தாலும் அந்தத் திசையைப் பார்க்கிற கட்டடம். அதன் முகத்தைப் பெயர்த்து விலாவில் ஒட்டிவைத்திருக்கிறேன். இப்போது பாய் திருப்பியதில் என் வாசல் மறுபடி தெற்கே பார்த்து நின்றது. சுகுணா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அடுப்படிக்குள் ஓடினாள். அங்கே பாத்திரம் விழுகிற சத்தம் கேட்டது. பாய் மட்டும் சிரிக்கவில்லை. "பரவால்லீங்க சார், நானுகூட ஒருக்கா ஜன்னலத் தலகீழா வெச்சுட்டேன்" என்றார். அவர் சிரித்திருக்கலாம். நான்கு நாள் லீவு போட்டேன். எல்லாவற்றையும் பிரித்தேன். வெட்கத்தை விட்டு அந்தப் பொம்மைப் புத்தகத்தைத் திறந்து, ஒன்றாம் பக்கத்திலிருந்து, பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி, படம் பார்த்துக் கட்டினேன். வந்தது. ஐந்து வளைவும் மணிக்கூண்டும் படத்தில் இருந்தபடியே வந்தன. சுகுணா ஒத்தாசைக்கு என்று முதல்நாளே தீர்த்தமலைக்குப் போய்விட்டாள். போகும்போது, "சேலையும் கட்டடமும் உங்க பொறுப்பு. பொறந்தவன் கையாலதான் குடுக்கணும்னுதான் விட்டுட்டுப் போறேன், மறந்தீங்கன்னா நான் அங்கியே தங்கிருவேன்" என்றாள். மறக்கவில்லை மாமா. அது மட்டும் சத்தியம். சேலைப் பையைக் காலுக்கு இடையில் வைத்து, கட்டடத்தை மடியில் வைத்து, அரூரில் பஸ் மாறி, ஜன்னலோரம் உட்கார்ந்து வந்தேன். கண்டக்டர் குனிந்து பார்த்து, "சர்ச்சுங்களா?" என்றார். "நகர மன்றம்" என்றேன். "எந்த ஊருதுங்க?" "எந்த ஊருதும் இல்ல." "அப்புறம் எதுக்குங்க இத்தன பத்திரமாப் புடிச்சிருக்கறீங்க?" என்று கேட்டுவிட்டு டிக்கெட்டைக் கிழித்தார். பக்கத்தில் இருந்த அம்மாள் மணிக்கூண்டைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, "எந்த சாமியா இருந்தா என்னங்க" என்றார்.

இனி எழுதுவதை எழுதத்தான் இத்தனையும் எழுதினேன். பஸ் தீர்த்தமலையில் நின்றது. நீங்கள் மேடையில் இல்லை. பஸ் நிறுத்தத்தில் நின்றுகொண்டிருந்தீர்கள். தலையில் கலசத் தண்ணீர் ஊற்றி முடிந்து, துவட்டாத தலை, ஈர வேட்டி முழங்காலில் ஒட்டிக்கொண்டிருக்க, தோளில் துண்டு, காலில் செருப்பு இல்லை. தண்ணீர் ஊற்றியதும் மாற்றிக் கட்ட அக்காவுக்குப் பிறந்த வீட்டுச் சேலை வர வேண்டும். அதற்காகத்தான் நிற்கிறீர்கள் என்று பார்த்த மாத்திரத்தில் தெரிந்தது. ஆளை அனுப்பாமல் நீங்களே வந்து நின்றீர்கள். பஸ்ஸின் ஒவ்வொரு ஜன்னலாகக் கழுத்தை நீட்டிப் பார்த்துக்கொண்டு வந்தீர்கள். நான் குளியலறையில் சொல்லிப் பழகிய வாக்கியம் சிம்மாசனத்தில் இருப்பவருக்கு உரியது. ஈர வேட்டியோடு வெறுங்காலில் நிற்கிற மனிதருக்குச் சொல்கிற வாக்கியம் இல்லை அது. நான் குனிந்தேன். ஐம்பத்து நான்கு வயது, எம்.ஏ. படித்தவன், ஒரு பொம்மைக் கட்டடத்துக்குப் பின்னால் தலையை ஒளித்துக்கொண்டேன். வளைவுகள் வழியாக உங்களைப் பார்த்தேன். முதல் வளைவில் உங்கள் தோள், இரண்டாவதில் துண்டு, மூன்றாவதில் முகம். நீங்கள் நேராக என் ஜன்னலைப் பார்த்தீர்கள். மணிக்கூண்டை மட்டும் பார்த்தீர்களா, என்னையும் பார்த்தீர்களா, இன்றுவரை தெரியாது. விசில் கொடுத்தார்கள். பஸ் கிளம்பிவிட்டது.

கடைசி நிறுத்தம் வரை போய், அதே பஸ்ஸில் திரும்பி வந்தேன். அப்போது தீர்த்தமலை நிறுத்தத்தில் யாரும் இல்லை. அதற்கு மேல் எந்த முகத்தோடு இறங்குவது? வீட்டுக்கு வந்தேன். மறுநாள் வந்த சுகுணா பையை இறக்கிவைத்துவிட்டு, "உங்கக்கா முக்கா மணி நேரம் ஈரச் சேலையோட நடுங்கிட்டு நின்னாங்க. கடைசில நிசார் பாய் எந்திரிச்சு வந்து, 'நானும் தம்பி மாதிரிதானுங்கக்கா'ன்னு அவரு சம்சாரம் அஃப்சானா எடுத்துக் குடுத்த சேலையக் குடுத்தாரு" என்றாள். அவள் என்னோடு கடைசியாகப் பேசியது அதுதான். நேற்று அன்புச்செல்வி போட்டோ அனுப்பினாள். அக்காவுக்குப் பக்கத்தில், நான் நிற்க வேண்டிய இடத்தில், புதுத் தொப்பியோடு பாய் நிற்கிறார். நன்றாகத்தான் இருக்கிறது, அதுதான் கஷ்டமாக இருக்கிறது. கீழே அவள், "மாமா, கட்டடம் எங்கீங்க?" என்று கேட்டிருக்கிறாள்.

ஆனால் ஒன்று. இத்தனைக்கும் வேர் எது? அந்த மளிகைப் பட்டியல். ஒருவனின் மூன்று மாத உழைப்பின் முதுகில் பருப்பும் புளியும் எழுதியது யார்? நான் வெட்கப்பட வேண்டியதற்கு வெட்கப்படுகிறேன், அதை மேலே எழுதிவிட்டேன்; நீங்கள் வெட்கப்பட வேண்டியதற்கு நீங்கள் வெட்கப்பட வேண்டாமா? பரணில் இருக்கும் அந்தத் தாளைச் சாட்சியமாக இத்துடன் இணைத்து அனுப்பப் போகிறேன். பார்த்துவிட்டு, "தப்புதான் மாப்ள" என்று ஒரு வரி எழுதுங்கள். எழுதிய அன்றே சேலையோடும் கட்டடத்தோடும் வந்து நிற்பேன். எழுதாவிட்டால் என் காலம் முடியும் வரை அரூர் எல்லையை மிதிக்கமாட்டேன்.

அக்கா வெந்நீரில் குளிக்க வேண்டும் என்று நான் சொன்னதாகச் சொல்லவும். இல்லை, நீங்களே சொல்வதாகச் சொல்லவும். அறுபதைத் தாண்டிய தங்களுக்கு, வயதில் சிறியவன் வாழ்த்துச் சொல்லக்கூடாது. இங்கிருந்தே விழுந்து வணங்கிக்கொள்கிறேன். எந்தத் திசையில் விழுந்தேன் என்று கேட்க வேண்டாம்.

பி.கு.: மேலே உள்ளதை எழுதி முடித்துவிட்டு, இணைப்பதற்காகப் பரணில் ஏறிக் குழாயை இறக்கித் தாளை விரித்தேன். பட்டியலைப் படித்தேன். பதினெட்டு வருடத்துக்கு முன் நீங்கள் பந்தலில் இருந்து கத்திச் சொன்னபடி, ஒருக்காப் படித்துப் பார்த்தேன். "மளிகைச் சாமான்கள்" என்ற தலைப்புக்குக் கீழே அளவுகோல் வைத்து இரட்டைக் கோடு. ஒவ்வொரு எண்ணைச் சுற்றியும் வட்டம். எழுத்து மணி மணியாக இருக்கிறது. இப்போது ஞாபகம் வருகிறது: முதல்நாள் சாயங்காலம் சமையல்காரர் காளியப்பன் "எழுதுங்க சார், எழுதுங்க சார்" என்று அவசரப்படுத்த, தாளுக்கு எங்கே போவது என்று மூலையில் கிடந்த ஒரு சுருளை எடுத்து, மறுபக்கம் என்ன என்று பாராமல் எழுதினேன். பாராமல்தான் எழுதினேன். இருந்தாலும் எழுதியது நான். சந்தேகத்துக்கு இடமில்லை மாமா. பெருங்காயத்துக்குப் பக்கத்தில், வலது மூலையில், வடக்கு அம்புக்குறி போட்டிருக்கிறது. மளிகைப் பட்டியலுக்கு வடக்குத் திசை காட்டுகிற ஆள் இந்த மாவட்டத்தில் ஒருவன்தான்.

ஆகவே மேலே கேட்ட அந்த ஒரு வரியை நீங்கள் எழுத வேண்டாம். வருகிற வெள்ளிக்கிழமை, அரூரைத் தாண்டி எங்கே போகிற பஸ்ஸாக இருந்தாலும் சரி, இந்தத் தடவை அரூரில் இறங்கிவிடுவேன். சேலை அரக்கு நிறம், பச்சைக் கரை, அக்காவிடம் சொல்லிவையுங்கள். கட்டடத்தை எந்தப் பக்கம் பார்த்து வைப்பது என்று நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள். வளைவு வைத்திருந்தால் உங்கள் வீடும் நன்றாகத்தான் இருந்திருக்கும், அதை மட்டும் நான் வாபஸ் வாங்கவில்லை.

கிழித்துவிட்டு வேறு எழுதலாம் என்று பார்த்தேன். வேறு எழுதினால் போஸ்ட் செய்ய மாட்டேன் என்று எனக்குத் தெரியும். இப்படியே போடுகிறேன், கையொப்பம் மட்டும் இல்லாமல். இதன் அடியில் என் பெயரைப் போட வெட்கமாக இருக்கிறது. யார் எழுதியது என்று உங்களுக்குத் தெரியாமலும் போகாது. முதல் பக்கத்தின் வலது மூலையைப் பாருங்கள், பழக்கதோஷத்தில் அம்பு போட்டுவிட்டேன்.